வழிப்போக்கன் உரிமை

"ஊர் சுற்றுவதும் ஒரு வேலையா?" இந்தக் கேள்வியைக் கேளாத தந்தை நம் நாட்டில் இல்லை, கேட்டுத் தலைகுனியாத மகனும் இல்லை. மகளைக் கேட்பார் இல்லை. அவள் ஊர் சுற்றக்கூடும் என்ற எண்ணமே எழாதபோது கேள்வி எங்ஙனம் எழும்!

அண்மையில் அதே கேள்வி வேறொரு திசையிலிருந்து வந்தது. நெல்லைச் சீமையைச் சேர்ந்த இளந்தோழர்கள் நால்வர், கிடைத்த ஐந்து நாள் விடுமுறையில், மோட்டார் சைக்கிள்களில் பொருநைக் கரையோரமாகப் பயணம் போகத் திட்டமிட்டனர். பாபநாசத்தில் தொடங்கி, அணை, கால்வாய், குளம் என்று கரை பிடித்தே வந்து, புன்னைக்காயலில் ஆறு கடலோடு கலக்குமிடம் கண்டு, தூத்துக்குடிக் கடலில் கிடக்கும் தீவுகளை நோக்கிவிட்டுத் திரும்புவது அவர்கள் எண்ணம். படிப்பகத்தில் இதைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் முகம் சுளித்தார். "செய்ய வேண்டிய வேலை மலையெனக் குவிந்து கிடக்கிறது, நீங்களோ மலை பார்க்கப் போகிறீர்கள்!" என்றார். தீர்ப்புக் கேட்டு நம்மிடம் வந்தனர். வந்த கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வியும் வந்தது. கடினமானது அதுதான். அதற்குப் பின்னர் வருவோம்.

மூத்தவரின் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்பத்தை இலட்சியமாக்கி, இலட்சியத்தை இடையிடையே ஓய்வுநேர வேலையாக்கிக்கொண்டவர்கள் பலரை அவர் பார்த்தவர். எனினும் அவர் ஒன்றை மறந்தார். காரணமின்றிப் பயணம் போகும் உரிமை இந்த நாட்டில் யாருக்கு இருந்தது?

கோவிலுக்குப் போகலாம். 2018 அக்டோபரில், 144 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புஷ்கரம் என்று பறைசாற்றப்பட்டபோது, இதே ஆற்றங்கரையில் கூட்டம் அலைமோதிற்று, "உங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?" என்று எவரும் கேட்டாரில்லை. பிழைக்கப் போகலாம். கங்காணியின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்கு மூட்டை சுமந்து போனவர்களில் நெல்லைச் சீமையினர் இருந்தனர்; அவர்களை ஊர் தடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகலாம், கருமாதிக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். துரைமார்களும் ஜமீன்தார்களும் வேட்டைக்குப் போகலாம். சாதாரண மனிதன் தன் கண்ணுக்காக, கண் காணும் இன்பத்துக்காக மட்டும் போவதுதான் இங்கே கேள்விக்குரிய செயல்!

ஏன் இப்படி? சாதிக்கட்டு கொண்ட ஊர், ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறது. குறித்த இடத்தில் இல்லாதவன் கணக்குச் சொல்ல வேண்டும். "எங்கே போகிறாய்?" என்று மேலேயிருந்து கீழே கேட்கப்படும்போது அது நலம் விசாரிப்பு அன்று, சோதனைச்சாவடி. "எந்த ஊர்?" என்பதற்குப் பின்னால் "எந்தத் தெரு?" நிற்கிறது, "யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதற்குப் பின்னால் சாதி நிற்கிறது. 1924இல் வைக்கத்தில் நடந்த கிளர்ச்சியை நினைவுகூருங்கள். அங்கே கேட்கப்பட்டது கருவறையா? கர்ப்பூர ஆரத்தியா? தெரு! கோவிலைச் சுற்றிக் கிடந்த பொதுத்தெருவில் கால் வைக்கும் உரிமை! நாயும் பன்றியும் போன தெருவில் மனிதன் போக, ஓர் ஆண்டுக்கு மேல் மக்கள் சிறைபுகுந்து போராட வேண்டியிருந்தது.

பெண்கள் நிலை இன்னும் தெளிவு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தபோது, எழுத்தைப் பற்றி முணுமுணுக்காத ஊர்கள் சைக்கிளைப் பற்றி முணுமுணுத்தன. அரிச்சுவடியைவிடச் சக்கரம் ஆபத்தானது என்பதை ஊர் நன்கு உணர்ந்திருந்தது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்றானபோது, "சும்மா சுற்றுகிறார்கள்" என்ற ஏளனமும் உடன் பிறந்தது. சுற்றட்டுமே! பல தலைமுறையாகச் சுற்றாத கால்கள் அல்லவா?

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். சென்னை மாநகரில் 1955 முதல் தயாராகும் புல்லட் வண்டி, ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரரும் போலீஸ் அதிகாரியும் பண்ணையார் மகனும் ஏறிய வண்டி. அதன் ஓசையே ஓர் அறிவிப்பு. வருபவர் வருகிறார், வழி விடுங்கள் என்ற அறிவிப்பு. இன்று தவணை முறையில் எவரும் வாங்கலாம். வங்கி கேட்பது சம்பளச் சான்றிதழ். சாதிச் சான்றிதழ் அன்று. ஆனால் ஊர் கேட்கிறது! 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினர்; அவன் புல்லட் ஓட்டியதே காரணம் என்று அவன் குடும்பத்தார் புகார் கூறினர். வண்டியில் கைப்பிடியைப் பற்றிய கை! செய்தியைப் படித்துவிட்டுத் தேநீரை முடித்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

இந்த நிலையில், இளைஞர் நால்வர் காரணம் எதுவுமின்றி, காட்சிக்காக மட்டும் சாலையில் இறங்குகிறார்கள் என்றால், அதை வீண் என்று ஒதுக்க நம்மால் இயலாது. தன்மானம் என்பது மேடையில் நிமிர்ந்து நிற்பது மட்டுமன்று. யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஒரு குளக்கரையில் அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பதும்தான். போகட்டும். மூத்த தோழருக்கு நம் விடை இது.

ஆனால் போகிறவர்கள் பார்க்கத் தெரிந்து போகட்டும் என்போம். இதை உபதேசமாகக் கொள்ள வேண்டா. அந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவு செறிந்தது.

பாபநாசத்தில் நின்று பொதிகையைப் பார்ப்பவனிடம் பக்கத்தில் நிற்பவர் அகத்தியர் கதை சொல்வார். கேட்கட்டும், நல்ல கதைதான். பொருநை வற்றாமல் ஓடுவதற்குக் காரணம் முனிவர் அல்லர், மலை. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டிலும் மழை பெறும் மலைமுகடு அது. ஆகவேதான் கார், பிசானம் என்று இரு போகம் இங்கே வழக்கமாயிற்று. மழையின் கணக்கு கதையைவிட வியப்பானது என்பது நம் கட்சி.

பின்னர் நீர் இறங்கி வருகிறது. சுமார் 125 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது மட்டும் வெள்ளையர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. நதியுண்ணி! ஆற்றை உண்பது என்று பெயர் வைத்தவன் புலவன் அல்லன், உழவன் என்றே நாம் எண்ணுகிறோம். இந்த அணைக்கட்டுகள் நீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஆற்றின் மட்டத்தைச் சிறிதே உயர்த்தி ஒரு பங்கு நீரைக் கால்வாயில் திருப்பிவிடுபவை. கால்வாய், நிலத்தின் சரிவைக் காட்டிலும் மெல்லச் சரிந்து, மேட்டை அணைத்தபடியே ஓடி, வழியில் குளத்துக்குக் குளம் நிரப்புகிறது. ஒரு குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். இவ்விதம் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நனைகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. மட்டம் பார்க்கத் தெரிந்த கண்ணும் மண் சுமக்கத் தெரிந்த தலையும்தான்.

(தென்பாண்டிச் சீமையில் ஏரி என்ற சொல் அருமை, எல்லாம் குளம்தான். கடம்பாக்குளத்தின் கரையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவன், இதைக் குளம் என்று அடக்கமாகச் சொன்ன ஊராரை நினைத்துச் சிரிக்கக்கூடும்.)

குளத்தைப் பார்த்து, "ஆகா, இயற்கையின் எழில்!" என்று படம் எடுக்கிறோம். எங்கே இயற்கை? கரை, மனிதன் கொட்டிய மண். மடை, மனிதன் வைத்த கல். நீர் நிற்கும் உயரம், மனிதன் தீர்மானித்தது. குளம் நிறைந்த காலத்தில் மூச்சடக்கி மூழ்கி மடை திறந்தவன் ஒருவன் இருந்தான். பங்கு பிரித்து, இரவில் விளக்கேந்தி வாய்க்கால் காத்தவன் ஒருவன் இருந்தான். வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர் வேலை. விளைச்சலோ கோவிலுக்கும் மடத்துக்கும் அக்கிரகாரத்துக்கும்! கல்வெட்டுகளில் சேரன்மாதேவி ஒரு சதுர்வேதிமங்கலம். ஆற்றங்கரை நன்செய் எவர் கையில் இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே பட்டா. மடை திறந்தவனுக்கு மடைக்குக் கீழே சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத காலம், மிகத் தொலைவில் இல்லை.

அதற்காக, குளத்தைக் கண்டு களிப்பது குற்றமா? உழைத்தவன் துன்பம் நினைந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா? வேண்டா என்றே சொல்வோம். கரை கட்டியவனும் கரையில் நின்று பார்த்திருப்பான். மாலை வெயிலில் நீர் பொன்னாவது அவனுக்கும் தெரியும். அழகைப் பண்ணையாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஆத்திரத்தை மட்டும் நம் பங்காக வைத்துக்கொள்ளும் கட்சி நமக்கு உடன்பாடில்லை. பெயர் தெரியாதவன் செய்த பொருளை, ஒருவன் செய்தது என்று தெரிந்து பார்ப்பதற்கும், தானே முளைத்தது என்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. பாராட்டு என்பதே முன்னதில்தான் இருக்கிறது.

அதே சேரன்மாதேவியில்தான் குருகுலம் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றுக் கற்பிக்க எழுந்த நிலையத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924, 1925 ஆண்டுகளில் அந்தப் பந்தியைப் பற்றி எழுந்த புயல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டதை வாசகர் அறிவர், விரிக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு. அந்தக் குருகுலத்தை நடத்திய வ.வே.சு. அய்யர், 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலுள்ள அருவியில், நீரில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து மகளோடு மாண்டார். பந்தியை எதிர்த்தோம், இன்றும் எதிர்ப்போம். பாய்ந்த தந்தைக்குத் தலை வணங்காதவன் நம் அணியில் நிற்க வேண்டியதில்லை. அருவிக்கரையில் நிற்கும்போது இரண்டும் நினைவில் வரட்டும். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இனி மணிமுத்தாறு. 1950-களில் எழுந்த அணை. 118 அடி ஆழம். அதற்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்கள். மேகம் தவழும் பச்சை மெத்தை, காண்போர் மயங்குவர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, காட்டை அழித்துப் பயிரிட்டது பம்பாய் பர்மா வாணிபக் கழகம்; மெத்தை விரித்தது கீழ்நாட்டிலிருந்து ஏறிப்போன தொழிலாளர் கை. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பாகவே, 2024இல், தொழிலாளரை விருப்ப ஓய்வு பெற்று இறங்கச் சொல்லிற்று நிறுவனம். தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மலையிலிருந்து இறங்குவதற்கு "விருப்ப" ஓய்வு என்று பெயர்!

அந்தத் தொழிலாளர்கள் 1999இல் கூலி உயர்வு கேட்டனர். சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டனர். ஜூலை 23ஆம் நாள் அவர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில், தடியடி. சாலையில் இடமில்லை, மக்கள் ஆற்றை நோக்கி ஓடினர், ஆற்றிலும் விரட்டப்பட்டனர். ஒரு குழந்தை உட்பட 17 உயிர் போயிற்று. அந்நாளில் கோட்டையில் அமர்ந்திருந்தது அந்நியன் ஆட்சி அன்று. திராவிட இயக்கத்தின் வழிவந்த ஆட்சி. இதைச் சொல்லத் தயங்கினால், மற்றவர்களைப் பற்றி நாம் இதுவரை எழுதிய வரிகளுக்கு மதிப்பில்லாமற் போகும்.

அந்தப் படித்துறைக்கு அருகேதான் சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே படகுதான். படகுக்காக நெருக்கம், சண்டை, சாவு. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், குடும்பப் பொருளை எடுத்துப் பாலத்துக்குத் தந்தார். கோபுரத்துக்குத் தந்திருந்தால் ஊர் அன்றே போற்றியிருக்கும். அவர் வழிப்போக்கனுக்குத் தந்தார். பாலத்தில் நடப்பவனைப் பாலம் பெயர் கேட்பதில்லை. ஒரே இடத்தில், ஒருபுறம் அந்தக் கொடை. மறுபுறம் அந்த ஜூலை. நால்வரும் அங்கே படம் எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம். ஆனால் சிரித்துக்கொண்டு எடுக்க அவர்களாலேயே முடியாது என்று நம்புகிறோம்.

கூந்தன்குளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணிமுத்தாற்று நீர் வந்து சேரும் குளம். 1994 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரை, கூழைக்கடா, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து என்று விருந்தினர் பட்டாளமே இறங்குகிறது. ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்திலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தையும் நாற்றத்தையும் ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். பறவை அஞ்சும் என்று பட்டாசும் வெடிப்பதில்லை. இங்கே நம் பேச்சாளர் ஒருவர் வந்தால் உடனே எதுகை கிடைத்துவிடும்: "பறவைக்கு இடம் தந்தாய், பறையனுக்குத் தந்தாயா?" கைதட்டல் வரும். ஆயினும் அந்தக் கேலி அந்த ஊருக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறோம். எங்கிருந்தோ வந்ததை, எதற்கு வந்தாய் என்று கேளாமல், தன் முற்றத்தில் இருத்தும் பழக்கத்தை ஓர் ஊர் மனிதர்கள் தாமாகவே உண்டாக்கிக்கொள்ள முடிந்தது. சட்டம் வந்து கற்றுத் தந்ததன்று. பழக்கங்கள் வானிலிருந்து விழுந்தவை, மாற்ற இயலாதவை என்போருக்கு இதைவிட நல்ல மறுப்பு நம்மிடம் இல்லை.

2023 டிசம்பர் 17 இரவை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. பொருநை கரையுடைத்தது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி ஊரார், தம் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சோறிட்டனர். வாங்கிய கை எந்தத் தெருக் கை என்று எவரும் கேட்டதில்லை. பொங்கிய கை எது என்று உண்டவரும் கேட்டாரில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே ஆற்றங்கரையில் பந்தி பிரித்தவர்களை நினைத்தோம்.

வெள்ளம் வடிந்தது. கேள்வி திரும்பிவிட்டது என்பதுதான் துயரம். அந்தக் கேள்விக்கு இப்போது வருவோம்.

நால்வரில் ஒருவன் சேரியில் பிறந்தவன். மற்ற மூவரும் பள்ளிப்பருவம் முதல் அவனுக்கு நண்பர்கள். நட்பில் போலி இல்லை. பயணத்தின் நான்காம் நாள் போக வேண்டிய வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டா. விளக்குக் கம்பத்துக்கும் பாலத்துச் சுவருக்கும் சாதி வண்ணம் பூசிய ஊர். வெளியூர் வண்டியை நிறுத்தி விசாரிக்கும் ஊர். "அந்த வழி வேண்டாம், சுற்றிப் போவோம்" என்றான் ஒரு நண்பன், அன்பால். "ஏன் சுற்ற வேண்டும்? நேரே போவோம், யார் தடுப்பது பார்ப்போம்!" என்றான் இன்னொருவன், ஆவேசத்தால். மூன்றாமவன் சமரசம் பேசினான்: "அந்த ஊர் வரும்போது மட்டும் அவன் என் பின்னால் உட்காரட்டும், அவன் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்." நான்காமவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு தங்கும் ஏற்பாடு அதனினும் சங்கடம். செலவு குறைய வேண்டுமென்று, மூவரின் உறவினர் வீடுகளில் தங்குவதாகத் திட்டம். ஒரு மாமா வீட்டில், "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று அத்தை நிச்சயம் கேட்பார். சோறு போட்டுக்கொண்டே கேட்பார். பகையாக அல்ல, பழக்கமாக. "வேறு ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டால் போகிறது" என்றான் மருமகன். இதற்கும் நான்காமவன் ஒன்றும் சொல்லவில்லை.

கோழைத்தனம் எது, விவேகம் எது என்று நம்மைக் கேட்டனர். அந்தச் சொற்களை ஒதுக்கிவைத்துப் பார்ப்போம்.

ஆவேசக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் அணியில் அவர் தொகையே அதிகம். உரிமை இருக்கிறது, ஆகவே போவோம் என்கிறார். உரிமை இருக்கிறது, மறுப்பவர் இல்லை. ஆனால் அடி விழுந்தால் யார் உடலில் விழும்? நால்வர் உடலிலும் ஒரே அளவிலா? 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, அவன் வீட்டுக்குள் புகுந்தே வெட்டினர், உடன் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. அதை ஒட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறு முதற்கொண்டு பேச வேண்டியிருந்தது. இந்த நிலத்தில், பிறன் உடலைக் கொடியாக்கிப் பிடித்து ஊர்வலம் போகும் உரிமை, எத்துணைச் சிறந்த கொள்கையின் பேராலும் எவனுக்கும் இல்லை. வீரம், தன் உடலைக் கொண்டு செய்வது. மற்றவன் உடலைக் கொண்டு செய்வதற்கு வேறு பெயர்.

அப்படியானால் சுற்றிப் போவோம் என்ற அன்பர் சொன்னது சரியா? பாதி சரி. ஆபத்தை அறிந்து விலகுவது கோழைத்தனமன்று. பாம்புப் புற்றைச் சுற்றிப் போகிறவனை யாரும் கோழை என்பதில்லை. அவர் தவறியது எங்கே எனின், தீர்மானத்தைத் தாமே செய்ததில். காலமெல்லாம், "உன் நன்மைக்காகத்தான் சொல்கிறோம், அந்தத் தெரு உனக்கு வேண்டாம்" என்றுதானே சொல்லிவந்தார்கள்? அன்பு சொன்னாலும் ஆணவம் சொன்னாலும், வழியை வேறொருவர் குறிக்கிறார் என்பது மாறவில்லை.

சமரசக்காரர் திட்டம் மூன்றிலும் மெத்தனமாகத் தோன்றுகிறது. மூன்றிலும் கேடானது அதுதான் என்போம். வண்டியின் கைப்பிடியில் அவன் கை இருக்கக்கூடாது என்பதுதான் அந்த ஊரின் கட்டளை. அதை எவரும் கேட்பதற்கு முன்பே நண்பர்களே நிறைவேற்றித் தருவதா? சுற்றிப் போனால் பத்துக் கல் தொலைவு அதிகம், தவணை கட்டி வாங்கிய வண்டியிலிருந்து இறங்கிப் பின்னால் உட்கார்ந்தால் குறைவது தொலைவு, போவது வேறு.

ஆகவே, முடிவு செய்ய வேண்டியவன் நான்காமவன். அவன் பேசவில்லையே என்கிறீர்கள். மூவருக்கு நடுவில் ஒருவனாக உட்கார்ந்து, தன்னைப் பற்றி மூவர் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்ன பேசுவான்? "அஞ்சுகிறேன்" என்றால் இழிவு; "அஞ்சவில்லை" என்றால் ஆபத்து. அவன் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளல் தகாது. தனியே கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் அவனுக்கு எந்த நட்டமும் வராதவாறு கேட்க வேண்டும். போவோம் என்றால் நால்வரும் போவது. வேண்டாம் என்றால் நால்வரும் சுற்றுவது. சுற்றிப் போனால், "அந்தச் சாலை பழுது" என்று ஊரில் வந்து சொல்லக் கூடாது. சாலை பழுதன்று, எது பழுது என்பதைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

மாமா வீட்டுப் பொய் பற்றி எமக்கு ஐயமே இல்லை, அது வேண்டா. பொய் சொல்லவே கூடாது என்ற விரதம் நமக்கு உண்டு என்பதால் அன்று. உயிர் காக்கப் பொய் சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இங்கே பொய்யின் விலையை யார் தருகிறார்? ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம், நான்காமவனை. மூவரும் செருப்பை மட்டும் கழற்றினால் போதும். மாமா வீட்டுக்கு முன்கூட்டியே மருமகன் தனியே போகட்டும். "என் நண்பன் வருகிறான், இன்ன ஊர், இன்னார் மகன், என்னோடு ஒரே பந்தியில் உண்பான்" என்று சொல்லட்டும். மாமா மறுத்தால் நால்வரும் விடுதியில் தங்குவது. அத்தையின் கண்ணீரையும் மாமாவின் சினத்தையும் மருமகன் தாங்கட்டும். விளக்குக் கம்பத்துக்கு வண்ணம் பூசியவனை எதிர்க்கும் வீரத்தைக் காட்டிலும் இது கடினம் என்பதை அறிவோம். சொந்தக்காரரின் கூடத்தைவிட அந்நியனின் சாலை நமக்கு எளிதாகத்தான் இருக்கிறது.

1952ஆம் ஆண்டு, அர்ஜென்டினா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர், நண்பர் அல்பெர்த்தோ கிரனாடோவுடன், பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்கா பார்க்கப் புறப்பட்டார். மலை ஏரிகளைக் கண்டார்; வண்டி சிலி நாட்டில் உயிர்விட்டது; நடந்தும் லாரியில் தொற்றியும் போனார். பெரு நாட்டில், அமேசான் கரையில், தொழுநோயாளர் இல்லம். நோயாளிகள் ஒரு பக்கம், ஊழியர்கள் மறு பக்கம், இடையில் ஆறு. இருவரும் கையுறையின்றி நோயாளிகளோடு கைகுலுக்கினர், உடன் அமர்ந்து உண்டனர். அந்த ஆற்றை நீந்தியும் கடந்தார் மாணவர். அவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த சே குவேரா. அவருடைய பிற்காலச் செயல்கள் பற்றி நம் வாசகரிடையே பல கருத்து உண்டு, இருக்கட்டும். புரட்சி செய்யப் புறப்பட்டவர் அல்லர் அவர். ஊர் சுற்றப் புறப்பட்டவர். மூத்த தோழரிடம் இதையும் சொல்லலாம்.

புறப்படும் காலம் பற்றியும் கேட்டிருந்தனர். தை பிறந்தபின் நல்லது. பிசானப் பயிர் நிற்கும். குளங்களில் நீர் இருக்கும். கூந்தன்குளத்தில் வாத்துகள் இருக்கும். மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி முன்னதாகவே வேண்டும். கொற்கைக்கும் போகலாம், பழைய துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி, வயலும் குளமுமாகக் கிடக்கிறது. தூத்துக்குடித் தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இறங்க விடமாட்டார்கள், அது சரியே. மொத்தம் 21 தீவுகள் என்பது பழைய கணக்கு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டாண்டாக வெட்டியெடுத்ததில், விலாங்குசல்லி என்ற தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் தேய்ந்து வந்தது. கரை மேலும் கரையாதிருக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.